மஞ்சள் பக்கத்துக் கிளை

ஜேர்மனியின் வடகரையில் இருக்கும் இந்தக் கீல் நகரத்தில் குளிர்காலம் முடியக்கூடாது என்று நேர்த்தி வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாசி பிறந்துவிட்டால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வெயில் எப்போது வரும் என்பதுதான் பேச்சு. நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்கள்கூட, நான் எச்சில் உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்ததும் பல்லைப் பற்றிக் கேட்பதில்லை. "நாளைக்கு வெயிலாமே?" என்றுதான் கேட்பார்கள். ஓமென்று சிரித்துவிட்டு, பிள்ளையாரே, இன்னும் இரண்டு கிழமைக்காவது பனி கொட்டட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன். எல்லாம் ஒரு அப்பிள் மரத்தால் வந்த வினை. மரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. என் கணவரால் வந்த வினை.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அப்பா அம்மாவோடு இங்கே வந்துவிட்டேன். என் கணவர் வந்தது கார்த்திகையில், கலியாணம் முடிந்து விசா கிடைத்த பிறகு. யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்தவர். வருகிறவர் போகிறவரோடெல்லாம் நாள் முழுக்கக் கதைத்துச் சம்பாதித்த மனிதர். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு வாய் நான்தான். விசா அலுவலகத்தில் Termin, அதாவது நேரம் குறித்த சந்திப்பு, என்றாலும் நான், தலைமயிர் வெட்டப் போனாலும் நான். ஒருநாள் பல்லுக்குத்து என்று எங்கள் டொக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நல்ல மனிதர், ஆனால் கதிரையில் கிடப்பவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இவருக்கு நோகிறதா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"என்ரை பல்லு நோகுதோ எண்டு உம்மைக் கேக்கினம். நான் என்ன, நீர் கொண்டந்த ஆட்டுக்குட்டியே?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வங்கியில் பத்துப் பேர் காத்திருந்து கதைத்துவிட்டுப் போன மனிதருக்கு அது எவ்வளவு சுட்டிருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். எங்கள் கீழ் வீட்டில் எண்பதைத் தொட்ட ஒரு ஜேர்மன் அம்மா இருக்கிறார். இந்தப் பகுதிக்கு வருடக்கணக்காகத் தபால் கொண்டுவந்து போட்டவர். வீட்டில் நாங்கள் தபால் அம்மா என்றுதான் சொல்வோம். நகரத்தின் ஓரத்தில் வரிசை வரிசையாகச் சிறு தோட்டங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு துண்டு நிலம், அதில் ஒரு குட்டி மரக்குடில், நாலு பூஞ்செடி. மாடிவீடுகளில் அடைந்து கிடக்கிற சனத்துக்கு அதுதான் சொர்க்கம். தபால் அம்மாவுக்கும் ஒரு துண்டு உண்டு. இலையுதிர்காலத்தில் அவர் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்ததும் மகள் வந்து, தெற்கே கார்ல்ஸ்ரூஹேக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது தோட்டத்துத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

"குருவிகளுக்கு மட்டும் தீனி போடு, வேறொன்றும் செய்யத் தேவையில்லை. ஐஸ்கிறீம் கடை திறக்க நான் வந்துவிடுவேன்" என்றார்.

எங்கள் சந்தியில் இருக்கிற இத்தாலியக்காரரின் ஐஸ்கிறீம் கடை குளிர்காலம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். கண்ணாடிக்கு மண்ணிறக் கடதாசி ஒட்டிவிட்டு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கடதாசி கிழிந்தால் வசந்தம் என்பது இந்தத் தெருவின் பஞ்சாங்கம்.

அந்தத் தோட்டத்தின் நடுவில் நின்றதுதான் அந்த அப்பிள் மரம். இடுப்பளவு உயரத்திலேயே இரண்டாகப் பிரிந்த மரம். ஒரு பக்கம் சிவப்பு அப்பிள் காய்க்கும், மறுபக்கம் மஞ்சள். மஞ்சளைத் தபால் அம்மாவின் கணவர் இளவயதில் ஒட்டு வைத்தாராம். மனிதர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. புரட்டாதி வந்தால் தபால் அம்மா மஞ்சள் அப்பிளில் கேக் சுட்டு, மாடி ஏறி வந்து எனக்கும் ஒரு துண்டு தருவார். தரும்போதெல்லாம் "இது அவருடைய மஞ்சள்" என்று சொல்லாமல் தரமாட்டார்.

தைப்பொங்கல் வந்தது. இவருக்கு இங்கே முதல் பொங்கல். மின்னடுப்பில் பொங்குவதா என்று முகம் சுருங்கிப் போனார். தபால் அம்மாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "நெருப்புத்தானே, இரும்புத் தட்டு குடிலுக்குள் இருக்கிறது, நன்றாக மூட்டுங்கள்" என்றார். இங்கே தை மாதத்தில் சூரியன் எட்டரைக்குப் பிறகுதான் எழும்பும், அதுவும் மனம் வந்தால். விறைக்கிற குளிரில், தலையில் கம்பளித் தொப்பியும் இடுப்பில் வேட்டியும் அதற்குள்ளே நீளக் காற்சட்டையுமாக இவர் நிலத்தைக் கூட்டி, அரிசிமாவில் கோலம் போட்டு, பானையை வைத்தார். பெற்றோல் நிலையத்தில் வாங்கிய ஒரு பை விறகு, கடல் காற்றுக்குப் பாதிப் பால் சூடாகும் முன்பே எரிந்து முடிந்தது. பால் பொங்காமல் அடுப்பு அணையக்கூடாது என்று இவர் பதறினார். நான் இன்னொரு பை வாங்கிவர ஓடினேன். முதல் கடையில் விறகு இல்லை. அடுத்த கடை நகரத்தின் மறுபக்கம்.

திரும்பி வந்தபோது தோட்டத்தின் வாசலிலேயே புகை கண்ணைக் கரித்தது. இவர் இருமிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைவாள். அதற்குப் பக்கத்தில், மரத்தின் பாதி.

"இஞ்சாரும், பட்ட மரமொண்டு நிண்டது. அதிலை பாதியைத் தறிச்சனான். பற்றுதில்லை, என்னெண்டு தெரியேல்லை" என்றார்.

"ஐயோ! அது பட்ட மரமில்லையப்பா! உயிரோடை நிண்ட மரம்!"

"விசர்க்கதை கதையாதையும். இலையுதிர் காலமெண்டு நானும் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். றோட்டிலை நிக்கிற மரமெல்லாம் உயிரோடை எண்டு எனக்குத் தெரியும். இது உடம்பெல்லாம் பாசி பிடிச்சு, காய் கறுத்துச் சூம்பித் தொங்கிக்கொண்டு நிண்டது. ஒரு கொப்பை முறிச்சுப் பாத்தன், படக்கெண்டு முறிஞ்சது."

உறைபனியில் எந்தக் கொப்பும் படக்கென்றுதான் முறியும். சூம்பின காய், பறிக்க ஆளில்லாமல் தொங்கினது. நான் வெட்டின இடத்தைக் காட்டினேன். பட்டைக்குக் கீழே பச்சை வட்டம் ஈரமாக மின்னியது. அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். பிறகு நிமிரவில்லை. நான் கொண்டுவந்த விறகில் பால் கடைசியில் பொங்கத்தான் செய்தது. "பொங்கலோ பொங்கல்" என்று இரண்டு பேரும் செத்த வீட்டில் சொல்வதுபோல் சொன்னோம்.

சிவப்பு, மஞ்சள் கதையை நான் சொன்னதும், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மஞ்சள் பக்கம். அடியோடு போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது வைத்தியம். ஊரில் கொப்பு வெட்டின இடத்துக்குச் சாணி அப்புவார்களாம். சாணிக்கு நான் எங்கே போவேன்? களிமண்ணும் சாம்பலும் பொங்கலுக்குக் கொண்டுவந்த மஞ்சள்தூளும் குழைத்து, வெட்டுக்காயத்துக்கு மொத்தமாகப் பூசிவிட்டார். "எங்கட வேலிப் பூவரசை மொட்டையா வெட்டினாலும் மாரிக்குத் தழைச்சிடும்" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். இது பூவரசு இல்லை என்று நான் சொல்லத் தேவையில்லை, அது அவருக்கே தெரியும்.

தபால் அம்மா ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பார். "என் தோட்டம் எப்படி?" என்று கேட்பார். "நல்லாயிருக்கிறது, குருவிகள் வருகின்றன" என்பேன். குருவிகள் வந்தது உண்மைதான். இவர் பக்கத்தில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜேர்மன் அவ்வளவு விளங்காவிட்டாலும் பொய் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

வசந்தம் இந்த நாட்டில் தெற்கிலிருந்துதான் வரும். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பூ பூத்தால் எங்களுக்கு அது வந்துசேர இன்னும் மூன்று கிழமை பிடிக்கும். தபால் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அந்தச் செய்தியைச் சந்தோசமாக அறிவிப்பார். பாதாம் மரம் பூத்துவிட்டது. மகளின் முற்றத்தில் தேனீ பறக்கிறது. பக்கத்து வீட்டு மக்னோலியா மொட்டு விட்டுவிட்டது. "உங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது, பொறு!" என்பார். வந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? கடன்காரன் ஒவ்வொரு தெருவாகத் தாண்டி வருகிறமாதிரி வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் வசந்தத்தின் அடையாளங்களை என்னளவுக்கு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதலில் வெளிச்சம். பொங்கலின்போது நாலரைக்கே இருட்டிவிடும். மாசிக் கடைசியில், வேலை முடிந்து வெளியே வந்தால் இன்னும் பகல். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள், நான் குனிந்துகொண்டு போனேன். குனிந்தால் நிலத்தில் பனித்துளிப் பூ, வெள்ளை வெள்ளையாக. விடிய முதல் குருவிகள் கூச்சல் போட்டு எழுப்பின. துறைமுகத்தில் குளிர்காலம் முழுக்கப் போர்த்திக் கிடந்த படகுகளின் படங்கை உரித்து, கிழவர்கள் சாயம் அடிக்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டில் எல்லா யன்னலையும் திறந்துவிட்டுக் கழுவினார்கள். ஏழு பாகை வெப்பம் வந்த அன்றைக்கு ஒரு மனிதர் அரைக்காற்சட்டையோடு நாயைக் கூட்டிக்கொண்டு போனார். மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பங்குனி பிறந்த கிழமை, வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன், கடதாசி கிழிந்திருந்தது. மாலையில் இவரோடு அந்தப் பக்கம் போனால் சந்தி வரைக்கும் வரிசை. தொப்பி, கையுறை, கழுத்துத் துணி எல்லாம் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்கச் சிவக்க நின்று நக்குகிறார்கள்.

"குளிர் காணாதெண்டோ ஐஸ்கிறீமும் குடிக்கினம்?" என்றார் இவர். கடைக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்ப, அவ வரப்போறா என்ன?" என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜேர்மன் வகுப்பு முடிந்ததும் நாள் தவறாமல் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவார். மிஞ்சி நின்ற சிவப்புப் பக்கத்தை நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பார். பச்சை இருந்தால் நிம்மதி. அடுத்த நாள் வேறோர் இடத்தில் கீறுவார். "நீங்கள் கீறிக் கீறியே அதைக் கொல்லப்போறீங்கள்" என்று ஏசினேன். ஒருநாள் மத்தியானம், நான் ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பொக்கற்றில் தொலைபேசி விடாமல் அதிர்ந்தது. ஏதோ விபத்து என்று ஓடிப்போய் எடுத்தால், "இஞ்சாரும், துளிர்க்குது! சிவப்புப் பக்கம் துளிர்க்குது! கிளிச்சொண்டு மாதிரி நுனியிலை பச்சை!" என்று மறுமுனையில் கத்தினார். எனக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும் போலிருந்தது. டொக்டர் கூப்பிட்டதால் ஆடவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். தோட்டங்களின் பொது வெளியில் ஈஸ்டர் நெருப்புக்காகப் பெரிய விறகுக் குவியல் எழும்பிக்கொண்டிருந்தது. வடக்கில் இது வழக்கம். குளிர்காலத்தில் கழித்த கொப்புகளையெல்லாம் கொண்டுவந்து குவித்து, ஈஸ்டருக்குக் கொளுத்தி, சுற்றிநின்று பியர் குடிப்பார்கள். இவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்து விழுந்தது முக்கால்வாசியும் அப்பிள் கொப்பு. தை மாசியில்தான் இவர்கள் எல்லோரும் மரம் கழிப்பார்களாம். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் எனக்கும் அது தெரியாது, மாடிவீட்டில் வளர்ந்தவளுக்கு எங்கே தெரியும்?

எனக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. "பாத்தீங்களே! ஊரெல்லாம் வெட்டியிருக்குது. நாங்களும் குடிலுக்குப் பின்னாலை கிடக்கிறதைக் கொண்டந்து இதிலை போட்டிட்டு, சும்மா கழிச்சுவிட்டனாங்கள் எண்டு சொல்லுவம்" என்றேன்.

"அவையள் தங்கட மரத்தை வெட்டினவை" என்றார்.

"அதுக்கு?"

"நான் அந்த மனிசியின்ரை மரத்தை வெட்டினனான். விறகும் அவவின்ரை. அவ வந்து சொன்னால் போடலாம். நான் அவவுக்குச் சொல்லப்போறன்."

"சரி, நான் பக்குவமா எடுத்துச் சொல்லுறன், விடுங்கோ."

"நீர் சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லோணும். வெட்டினது நான், மன்னிப்புக் கேக்கிறது நீரோ? அதையும் நீர் கேட்டால் பேந்து நான் இஞ்சை ஆர்?"

 அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே மந்திரம்தான். குளிக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த ஐந்தாறு வசனத்தை ஜேர்மனில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான் திருத்தப்போனால் கையைக் காட்டித் தடுத்தார். வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுத் திருத்திக்கொண்டாராம். எனக்குக் கொஞ்சம் ரோசம்கூட வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின கிழமை தபால் அம்மா வந்தார். மகள் எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டுவந்து தோட்டங்களின் வாசலில் விட்டுவிட்டு, கடைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் போகவே மாட்டேன், முதலில் தோட்டம் என்று பிடிவாதம். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம், அவர் சில்லுப் பூட்டிய தள்ளுநடையைப் பிடித்துக்கொண்டு நடுவில். நல்ல வெயில். இவருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. எனக்குப் பயம் மரத்துக்காக அல்ல. நாலாவது வசனத்தில் இவர் தடக்கி விழுந்தால், மற்றவர்களைப்போலத் தபால் அம்மாவும் என் பக்கம் திரும்பி, "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டுவிட்டால்? அந்தக் கேள்வி ஒன்று மட்டும் வந்துவிடக்கூடாது என்று நடந்துகொண்டே நேர்ந்தேன்.

படலையைத் திறந்ததும் தபால் அம்மா கண்டுவிட்டார். நின்றுவிட்டார். இவர் அவருக்கு முன்னால் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே தொடங்கினார்.

"நான் உங்கள் மரத்தை வெட்டினேன். மஞ்சள் பக்கம். மரம் செத்தது என்று நினைத்தேன். என் நாட்டில் மரம் இப்படி நிற்காது. மனைவி செய்யவில்லை, நான் செய்தேன். என்னை மன்னியுங்கள்."

தடக்கவில்லை. தபால் அம்மா தள்ளுநடையை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மஞ்சளும் களிமண்ணும் காய்ந்து கிடந்த அந்தக் காயத்தின் மேல் கையை வைத்தார். வைத்த கை நெடுநேரம் அங்கேயே இருந்தது. அவருடைய கன்னம் நனைந்திருந்ததை இரண்டு பேரும் கண்டோம். இவர் தலையைக் குனிந்துகொண்டார். 

பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, அங்கே கிடந்த வாங்குப் பலகையில் தொப்பென்று இருந்து, கதைக்கத் தொடங்கினார். வடக்கத்திய ஜேர்மன், பாதி எழுத்தை விழுங்கிவிட்டு, கடகடவென்று. இனி என்னுடைய வேலை என்று நான் முன்னுக்கு வந்தேன். "அவ என்ன சொல்லுறாவெண்டால்..."

"பொறும்" என்றார் இவர், கண்ணை எடுக்காமல். "எனக்கு விளங்குது."

விளங்கத்தான் செய்தது, முகத்திலேயே தெரிந்தது. தபால் அம்மா சொன்னது இதுதான்: அந்த மஞ்சள் அப்பிள் ஒரே புளி. வாயில் வைக்க முடியாத புளி. மனிதர் அவ்வளவு ஆசையாக ஒட்டு வைத்து, முதல் காயைக் கொண்டுவந்து நீட்டியபோது, தபால் அம்மா நல்ல ருசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சொன்னதை மாற்ற முடியாமல், அவர் இருக்கும்வரை வருடா வருடம் சீனியை அள்ளிக் கொட்டிக் கேக் சுட்டு, நல்ல ருசி, நல்ல ருசி என்றே காலம் போய்விட்டது. அவர் போன பிறகு அதை நிறுத்த மனம் வரவில்லை. "இந்த வருடம் சிவப்பில் சுடுவேன்" என்று சொல்லிவிட்டு, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரம் முழுக்க என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இவர் வாங்கின் மறுமுனையில் இருந்துகொண்டார்.  பிறகு நானும் ஆசிரியையும் சொல்லிக்கொடுக்காத ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்:

"நானும் அப்படி. என் மனைவி புட்டு அவிக்கிறாள். கல்லு. ஒவ்வொரு கிழமையும் நான் சொல்கிறேன்: நல்ல ருசி."

தபால் அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "தேங்காய்ப்பூ போட்டு, உருண்டை உருண்டையாக இருக்குமே, அதுவா? எனக்கும் மாடியிலிருந்து கொண்டுவந்து தருவாள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, "நானும் நல்ல ருசி என்றுதான் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

இரண்டு பேரும் வாங்கு ஆட ஆடச் சிரித்தார்கள். ஐந்து மாதமாக நான் யாருக்கு வாயாக இருந்தேனோ அந்த மனிதர், தன் சொந்த வாயால் இந்த ஊரில் விட்ட முதல் பகிடி என்னுடைய புட்டைப் பற்றித்தான்.